பேழைக்குள் இருக்கும் நாணயம்

நாணயம் என்னும் சொல் தமிழில் இரு பொருள் தருவது. கையில் புழங்கும் காசும் நாணயம். மனத்தில் குடிகொள்ளும் நேர்மையும் நாணயம். முதற்பொருளைப் பற்றிப் பேசத் தொடங்கினாலும், இரண்டாம் பொருளில் வந்து முடிய வேண்டிய செய்தி ஒன்றை இன்று மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பழங்காசு சேர்ப்பது உலகெங்கும் உள்ள பழக்கம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் அது பெரியதொரு வாணிகமாகவும் வளர்ந்திருக்கிறது. வாணிகம் வளர்ந்தால் வழக்கும் வளரும் அல்லவா? விற்பவன் தன் காசைப் புத்தம் புதியது என்பான். வாங்குபவன் அதையே தேய்ந்தது என்பான். இவ்வழக்கைத் தீர்க்க ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது.

வில்லியம் ஷெல்டன் என்னும் உளவியல் அறிஞர் 1949-ஆம் ஆண்டில் அத்தகைய அளவுகோல் ஒன்றை வகுத்தார். அமெரிக்காவின் பழைய பெரிய செம்புக் காசுகளுக்கு 1 முதல் 70 வரை தர எண் கொடுக்கலாம் என்றார் அவர். இன்ன காசு என்று அடையாளம் காணுமளவே எஞ்சியது 1. குறையே இல்லாதது 70. முதல் தரக் காசைப்போல் எழுபதாம் தரக் காசு 70 மடங்கு விலை பெறும் என்பது அவருடைய கணக்கு. விலைக்கணக்கு நெடுநாள் நிலைக்கவில்லை. எண்கள் மட்டும் நிலைத்தன. பிற்காலத்தில் அவை பொன், வெள்ளிக் காசுகளுக்கும் உரியன ஆயின.

1986-ஆம் ஆண்டில் புரொபஷனல் காயின் கிரேடிங் சர்வீஸ் என்னும் நிறுவனமும், 1987-ஆம் ஆண்டில் நியூமிஸ்மேட்டிக் கேரண்டி கார்ப்பரேஷன் என்னும் நிறுவனமும் தோன்றின. உரிமையாளர் காசை அனுப்பி வைப்பார். வல்லுநர் சிலர், அது யாருடையது என்று அறியாமலே, தனித்தனியே அதை நோக்குவர். தேய்மானம், கீறல், அச்சு விழுந்த அழுத்தம், பரப்பின் ஒளி ஆகியவற்றை எடைபோட்டுத் தர எண் ஒன்று கொடுப்பர். பின்னர், அவ்வெண்ணைத் தாங்கிய சீட்டுடன் காசைத் தெளிந்த பிளாஸ்டிக் பேழையில் வைத்து, செவிக்கு எட்டாத ஒலியலைகளின் அதிர்வால் அதன் விளிம்புகளை இணைத்துவிடுவர். பேழையை உடைக்காமல் காசை எடுக்க இயலாது. காசு போலியன்று என்பதற்கும், தரம் சரியானது என்பதற்கும் நிறுவனம் பொறுப்பேற்கும். பேழை உடைந்தால் அப்பொறுப்பும் நீங்கும்.

இத்துணைப் பாதுகாப்பு இருந்தும், பேழையை உடைத்துக் காசை வெளியே எடுப்போர் பலர். அது ஏன்?

காரணங்கள் சில நேர்மையானவை. காசு என்பது கையில் எடுத்துப் பார்ப்பதற்கு உரியது. துளையிட்ட அட்டைகளில் ஆண்டு வரிசையாகக் காசுகளைப் பொருத்தி மகிழும் வழக்கம் அமெரிக்காவில் 1930-களிலேயே பரவியது. அந்த வரிசையில் பேழைக்கு இடமில்லை. ஆராய்ச்சியாளனுக்கு வேறு தேவை உண்டு. பேழைக்குள் இருக்கும் காசைத் தனியே நிறுக்க முடியாது. நீரில் ஆழ்த்தி அதன் ஒப்படர்த்தியை அறிய முடியாது. பேழைக்குள் புகுமுன்பே காசின்மேல் படிந்திருந்த அழுக்கு பின்னர் பச்சையாகப் பூத்துச் செம்பை அரிக்கத் தொடங்கினால், அப்போதும் வெளியே எடுத்தே தீரவேண்டும்.

மற்றொரு காரணம் விலையைப் பற்றியது. தர எண்ணைத் தருவது கருவி அன்று, மனிதக் கண். இன்று 64 என்று தோன்றிய காசு, மற்றொரு நாள், மற்றொருவர் கண்ணுக்கு 65 என்று தோன்றலாம். அரிய காசுகளில் அந்த ஓர் எண் உயர்வு விலையைப் பன்மடங்காக்கிவிடுவதும் உண்டு. ஆகவே சிலர் பேழையை உடைத்துக் காசை மீண்டும் அனுப்புகின்றனர். எண் உயரவில்லையெனில் மறுபடியும் உடைக்கின்றனர். தொடக்க காலத்தில் கடுமையாகத் தரம் இட்டார்கள் என்ற எண்ணத்தால், அக்காலப் பேழையில் உள்ள காசுகளைக் கூடுதல் விலை கொடுத்தும் வாங்குவோர் உளர். காசு அதேதான், ஒரு கீறல்கூடக் குறைந்ததில்லை. மாறுவது சீட்டில் உள்ள எண் மட்டுமே.

இதில் யாருக்கு என்ன கேடு என்று நீங்கள் கேட்கலாம். எந்தக் காசு, எந்தத் தரத்தில், எத்தனை தம்மிடம் வந்தன என்று இந்நிறுவனங்கள் கணக்கு வெளியிடுகின்றன. ஒரே காசு ஐந்து முறை உடைக்கப்பட்டு ஐந்து முறை அனுப்பப்பட்டால், அக்கணக்கில் ஐந்து காசுகளாகத் தோன்றக்கூடும். பழைய சீட்டைத் திருப்பி அனுப்பினால் ஒன்றைக் கழித்துவிடுவர். குப்பையில் எறிந்தால் பொய்க்கணக்கு நிலைத்துவிடும். உலகில் ஒன்றே எஞ்சியிருக்க, ஐந்து உண்டு என்று வருங்கால மாணவன் எழுதிவைப்பான். எறிந்த சீட்டு வஞ்சகன் கையில் அகப்பட்டால், போலிக் காசுக்கு அதுவே மெய்ச்சான்று ஆகிவிடும். முன்னர் யாரிடம் இருந்தது என்ற வரலாறு சீட்டில் குறிக்கப்பட்டிருந்தால், சீட்டோடு அதுவும் அழிந்துபோகும்.

வரலாறு அறுந்தால் என்ன நேரும் என்பதற்கு ஷெல்டனே சான்றாக அமைந்தது விந்தை. அவர் 1977-ஆம் ஆண்டில் மறைந்தார். நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் கழகத்தின் தொகுப்பிலிருந்து நல்ல செம்புக் காசுகளைக் கவர்ந்துகொண்டு, அவ்விடத்தில் தாழ்ந்த காசுகளை அவர் வைத்திருந்தார் என்பது பின்னர் வெளிப்பட்டது. எவ்வாறு வெளிப்பட்டது? அத்தொகுப்பின் பழைய புகைப்படங்களும் குறிப்புகளும் எஞ்சியிருந்தன. ஒவ்வொரு காசின் முகத்திலும் உள்ள சிறு தழும்பு அதன் கைரேகை போன்றது. படங்களோடு ஒப்பிட்டபோது, இருக்கவேண்டிய காசு வேறு, இருந்த காசு வேறு என்பது தெளிவாயிற்று. தரத்தை அளக்க எண் வகுத்தவர்தாம் அவர். அவரிடமிருந்து காசுகளைக் காக்க அந்த எண் உதவவில்லை. உண்மையை மீட்டவை பழைய பதிவுகளே.

ஆகவே, பேழையைத் திறப்பது தவறு என்று நான் கூறமாட்டேன். தக்க காரணம் இருந்து திறக்க நேர்ந்தால், முதலில் காசின் இருபுறத்தையும் சீட்டையும் படம் எடுத்துவையுங்கள். பழகிய ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்து, பேழையைத் தடித்த துணியால் சுற்றி, காசுக்கு எட்டாத மூலைகளைக் குறடால் சிறிது சிறிதாக நறுக்கி விளிம்பைப் பிரிப்பது வழக்கம். தெறிக்கும் சில்லு ஒன்று காசின் முகத்தில் கீறிவிட்டால், அதை எவராலும் மீட்க முடியாது. வெளிவந்த காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். விரலின் எண்ணெய்ப்பசை செம்பில் நிலையான கறையாகும். துலக்கிப் பளபளப்பாக்க ஒருபோதும் முயலாதீர்கள். இறுதியாக, சீட்டைத் திருப்பி அனுப்புங்கள். அல்லது திறந்த நாளைக் குறித்து, அக்காசின் வரலாற்றோடு சேர்த்துப் பாதுகாத்து வையுங்கள்.

சீட்டைத் திருப்பி அனுப்பினானா, எறிந்தானா என்று பார்க்க எவரும் வரப்போவதில்லை. அனுப்புவதனால் ஒரு காசு இலாபமும் இல்லை. ஆயினும், பேழையைத் திறந்தவனுடைய நாணயம் அந்தச் சிறு சீட்டில்தான் இருக்கிறது. காசின் தரத்தை வல்லுநர் கண்டு சொல்லலாம். இதன் தரத்தை அவனேதான் இட்டுக்கொள்ளவேண்டும்.