விரியும் பாலமும் இழுக்கும் வடமும்

கல்லொன்றைக் கயிற்றிற் கட்டிக் கிணற்றினுள் மெல்ல இறக்கினால் கயிறு தாங்கும். கயிறு தளர்ந்திருக்கையில் அதே கல்லை நழுவவிட்டால், இறுகும் கணத்திலே கயிறு அறுந்துபோகவுங் கூடும். கல்லின் நிறை மாறவில்லை, அசைவே மாறியது. விரைவில் விரியும் பாலங்களை அமைப்போர் மறக்கலாகாத உண்மை இது.

பாலம் என்பது அசையாது நிற்பதன்றோ எனச் சிலர் வினவலாம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானியப் படையினர் வலன்ரைன் என்னும் யுத்த தாங்கியின்மீது, கத்தரிக்கோல்போல் மடியும் பாலத்தை ஏற்றிச் சென்றனர். அது 30 அடி இடைவெளியைக் கடக்க உதவியது. பின்னாளில் அமெரிக்கரின் எம்60 வகைத் தாங்கி சுமந்த பாலம் 60 அடி இடைவெளிக்குப் போதுமானதாயிற்று. வாகனத்தை விட்டு எவரும் இறங்காமலே சில நிமிடங்களில் அது விரிந்துவிடும்.

இத்தகைய பாலத்தின் இரு பாதிகளும் நடுவிலே கீலினால் இணைக்கப்பட்டவை. இயந்திரம் முதற் பாதியை உயர்த்த, சில அமைப்புக்களில் உருக்கு வடம் மறு பாதியை இழுத்து விரிக்கின்றது. பாலம் உச்சியைத் தாண்டியதும் எடை முன்புறம் சாய்கின்றது. அதுவரை தள்ளிய இயந்திரம் இனித் தடுத்துப் பிடித்தல் வேண்டும். தளர்ந்த வடம் திடீரென இறுகும் அபாயமும் அப்போது உண்டு.

வடத்துக்கு இழுக்கத் தெரியும், தள்ளத் தெரியாது. தளர்வில்லாத வடத்திலே ஒரு பாரத்தைத் திடீரென விட்டாலே, இழுவிசை ஒரு கணம் அதன் நிறையின் ஏறக்குறைய இரு மடங்காகும். தளர்விருப்பின் இன்னும் மிகும். ஆகவே, அசையாநிலைக் கணக்கை மட்டும் நம்பி வடத்தின் தடிப்பைத் தீர்மானித்தல் தகாது.

இதனாலேயே பொறியியலாளர் பாலத்தின் அசைவைக் கணித வடிவில் அமைக்கின்றனர். வடத்தை, இழுக்கும்போது மட்டும் எதிர்க்கும் சுருள்வில்லாகக் கருதுகின்றனர். விரியும் காலத்தை நுண்ணிய கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் வேகம், கோணம், இழுவிசை என்பவற்றைக் கணினி கணிக்கின்றது. எந்தக் கணத்தில் விசை உச்சமடையும், இயந்திரத்தின் வேகத்தை எங்கே குறைத்தல் வேண்டும் என்பன அதனாற் புலப்படும்.

கணக்கு மட்டும் போதாது. உண்மைப் பாலத்தில் அளந்த விசையோடு அது ஒத்துவரல் வேண்டும். வடம் அறுமாயின், பல தொன் நிறையுள்ள பாலம் கட்டின்றி வீழும். அதன் அருகிலே மனிதர் இருப்பர்.