உங்கள் தெருவில் பேசுங்கள்

(அருப்புக்கோட்டையில் கல்லூரி மாணவர் அகிம்சை மன்றம் ஒன்றின் தொடக்க விழாவில் ஆற்றிய உரை)



மேடை ஏறியதும் மன்றத்தின் ஓராண்டு நிகழ்ச்சி நிரலைக் கையில் கொடுத்தார்கள். காந்தி ஜெயந்திக்குக் கட்டுரைப் போட்டி. ஜனவரி 30-க்கு இரண்டு நிமிட மௌனம். நடுவில் ஓர் அமைதி ஊர்வலம், ஓர் ஓவியப் போட்டி, ஒரு பட்டிமன்றம். பட்டிமன்றத் தலைப்பு, இன்றைய உலகுக்கு அகிம்சை தேவையா, தேவையில்லையா. தேவை என்று மூன்று பேர் பேசுவார்கள், தேவையில்லை என்று மூன்று பேர் பேசுவார்கள், நடுவர் தேவை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார். சிரிக்கிறீர்கள். இந்த நிரலை அப்படியே கிழித்துப் போடுங்கள் என்று சொல்லத்தான் நான் எழுந்திருக்கிறேன். மாலை போட்டு அழைத்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் கிழிக்கச் சொல்கிறேன்? நாம் உட்கார்ந்திருக்கிற இடம் அப்படி. இங்கிருந்து கிழக்கே போகிற ரோடுகள் கமுதிக்கும் முதுகுளத்தூருக்கும் பரமக்குடிக்கும் போய்ச் சேர்கின்றன. ஆண்டுதோறும் செப்டம்பர் 11 பரமக்குடியில் தலித் மக்களின் தலைவர் இமானுவேல் சேகரனின் நினைவு நாள். அக்டோபர் 30 பசும்பொன்னில் முக்குலத்தோர் தலைவர் முத்துராமலிங்கத் தேவரின் குருபூஜை. அந்த நாட்களில் பக்கத்து மாவட்டத்தில் தடையுத்தரவு, ரோட்டில் செக்போஸ்ட், எந்த ஊர் வண்டி எந்த வழியாகப் போகலாம் என்று போலீஸ் அறிவிப்பு. உங்களில் யாருக்கும் இது வியப்பாக இல்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிறீர்கள். தீபாவளிக்குப் பட்டாசு போல, அக்டோபருக்குப் போலீஸ் என்று பழகிவிட்டது. இரண்டு தலைவர்களின் நினைவு நாளுக்கு ஆயிரக்கணக்கான போலீஸ் வேண்டியிருக்கிற சீமையில், உலக அமைதிக்கு ஓவியம் வரைந்து என்ன ஆகப்போகிறது?

1957-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று நம்முடைய தாலுகாவும் முதுகுளத்தூரும் ஒரே இராமநாதபுரம் மாவட்டம். 1985-இல்தான் நம் பக்கம் தனியாகப் பிரிந்தது. தேர்தல் பகையும் ஜாதிப் பகையும் சேர்ந்து ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. கலெக்டர் அமைதிக் கூட்டம் கூட்டினார். செப்டம்பர் 10, முதுகுளத்தூர். எல்லாத் தரப்புத் தலைவர்களும் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், பேசினார்கள். மறுநாள், செப்டம்பர் 11 இரவு, பரமக்குடியில் இமானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். செப்டம்பர் 14-இல் கீழத்தூவலில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் செத்தார்கள். அதன்பின் குடிசைகள் எரிந்தன, இரண்டு பக்கமும் பிணம் விழுந்தது.

இதே 1957-இல்தான் வினோபா பாவே தமிழ்நாட்டில் பூதான நடையை முடித்துக்கொண்டு கேரளத்துக்குப் போய், அங்கே சாந்தி சேனையைத் தொடங்கினார். கலவரம் மூளும் இடத்துக்கு ஆயுதமில்லாமல் போய் நடுவில் நிற்கிற தொண்டர் படை அது. பின்னால் காந்திகிராமத்தில் மாணவர்களுக்கே சாந்தி சேனைப் பயிற்சி கொடுத்தார்கள். நல்ல முயற்சி, நான் வணங்குகிறேன். ஆனாலும் அந்த ஆண்டு நம் சீமையில் நடுவில் நிற்க ஆள் இல்லை. அமைதிக் கூட்டத்துக்கு வந்த தலைவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? கூட்டம் முடிந்து ஊருக்குத் திரும்பிய அந்த இரவில், ஒவ்வொரு தெருவிலும் தன் சொந்தக்காரப் பையனின் கையைப் பிடித்து, அரிவாளை வாங்கி வைத்தவர் எத்தனை பேர்? கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

நான் சொல்ல வந்தது இவ்வளவே. நம் சீமையில் அகிம்சையை அடுத்த தெருவுக்குப் போதிக்கிறவர்கள் ஏராளம். தன் தெருவில் பேசுகிறவர்தான் இல்லை.

வறட்சிதான் சண்டைக்குக் காரணம் என்று படித்தவர்கள் எழுதுகிறார்கள். வானம் பார்த்த பூமிதான். கண்மாய் பெருகினால் மடைக்குச் சண்டை, வற்றினால் மீன் குத்தகைக்குச் சண்டை, மீனும் இல்லையென்றால் கருவேல மர ஏலத்துக்குச் சண்டை. இந்தியாவிலேயே பின்தங்கிய மாவட்டங்களைக் கைதூக்கிவிட 2018-இல் மத்திய அரசு பட்டியல் போட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் வந்தவை விருதுநகரும் இராமநாதபுரமும். எல்லாம் சரி. ஆனால் மழை பொய்த்தால் இரண்டு தெருவுக்கும் பொய்க்கிறது. கரி மூட்டத்தில் புகை குடிக்கிறவன் இரண்டு தெருவிலும் இருக்கிறான். திருப்பூர் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் போகிறான். ஊர்த் திருவிழாவுக்குத் திரும்பி வந்ததும் எதிரியாகிறான். இதற்கு மழை என்ன செய்யும்?

திருச்சுழிக்காரத் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் ஊரில் 1879-இல் பிறந்த வேங்கடராமன் பிறகு ரமண மகரிஷி ஆனார். அவர் பிறந்த வீட்டை எல்லோருக்கும் தெரியும். 1924 ஜூன் மாதம் ஒரு இரவு அவருடைய திருவண்ணாமலை ஆசிரமத்தில் திருடர்கள் புகுந்தது எத்தனை பேருக்குத் தெரியும்? அடித்தார்கள். ரமணருக்கும் தொடையில் அடி விழுந்தது. போதாதென்றால் இன்னொரு காலிலும் அடித்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னதைப் பக்தர்கள் சொல்லிச் சொல்லி உருகுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சீடர் ஒருவர் கோபம் தாங்காமல் இரும்புக் கம்பியை எடுத்தார். ரமணர் தடுத்தார். திருடனைத் தடுக்கவில்லை ஐயா, தன் சீடனைத் தடுத்தார். அடிபட்டவர், தன்மேல் அன்பு வைத்தவனின் கையைப் பிடித்தார். உங்கள் ஊர்க்காரர் செய்தது இது.

காந்தியும் அதைத்தான் செய்தார். 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் கூட்டம் காவல் நிலையத்தைக் கொளுத்தி 22 போலீஸ்காரர்களைக் கொன்றபோது, நாடு முழுக்கக் கொழுந்துவிட்டு எரிந்த ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தினார். நேரு உட்படச் சிறையில் இருந்தவர்கள் பொருமினார்கள். வெள்ளைக்காரன் செய்த கொடுமை அதைவிடப் பெரிது என்று அவர் வாதாடியிருக்கலாம். வாதாடவில்லை. 1947-இல் கல்கத்தாவிலும் 1948 ஜனவரியில் டில்லியிலும் அவர் பட்டினி கிடந்தது யாரைத் திருத்த? பெரும்பாலும் தன் மதத்தாரை. அவரைச் சுட்டவனும் அந்த மதத்தான்தான்.

இந்த இடத்தில் ஒரு தம்பி எழுந்து கேட்க வேண்டும். அப்படியானால் அடிவாங்கியவன் பேசாமல் இருக்க வேண்டுமா? தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வராதே என்று விரட்டப்பட்டவனுக்கும் அகிம்சைதான் போதனையா? நியாயமான கேள்வி. அடிபட்டவனிடம் போய் அமைதி காக்கச் சொல்வது அயோக்கியத்தனம். 1927-இல் மகாத் குளத்தில் தண்ணீர் எடுத்துக் குடித்த அம்பேத்கரின் கூட்டத்தைத் தடியால் அடித்தார்கள். திருப்பி அடிக்கத் துடித்த தன் ஆட்களை அம்பேத்கர் அடக்கினார். அடக்கும் உரிமை அவருக்கு இருந்தது, அடி அவர் ஆட்கள்மேல் விழுந்திருந்தது. அடித்தவன் தெருவில் இருந்துகொண்டு அடிபட்டவனுக்கு உபதேசம் செய்கிறவனுக்கு அந்த உரிமை கிடையாது. அவனுடைய வேலை அவன் தெருவில் இருக்கிறது.

நம் பக்கத்துக் கதை ஒன்று. 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்தார்கள். வழக்கு மதுரை, சென்னை என்று ஏறி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1908-இல் தீர்ப்பு, நுழைய உரிமை இல்லை. 1939 ஜூலை 8-இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட தோழர்களோடு நுழைந்தபோது, அந்தக் குழுவில் ஒரு நாடாரும் இருந்தார். பட்டர்கள் பூசைக்கு வர மறுத்தார்கள். ஐயரை ஏசியவர்களில் முன்னால் நின்றது அவருடைய உறவுக்காரச் சமூகம். அவர் கவலைப்படவில்லை.

நாற்பத்திரண்டு ஆண்டு இடைவெளியில் கமுதியையும் மதுரையையும் சேர்த்துப் பார்க்கிறபோது, அருப்புக்கோட்டையில் நின்று ஒரு கேள்வி கேட்காமல் போக முடியாது. மகமைப் பணம் சேர்த்துப் பள்ளியும் கல்லூரியும் எழுப்பிய ஊர் இது. மறுக்கப்பட்டவர்கள் படித்து எழுந்த வரலாறு, நான் தலை வணங்குகிற வரலாறு. அண்ணாச்சிமார்களே, தறிக்காரப் பெரியவர்களே, மறவர் சீமைப் பெரியவர்களே, நேற்று நமக்கு மறுத்ததை இன்று நாம் யாருக்காவது மறுக்கிறோமா? வாடகை வீடு கொடுக்கும்போது, பெண் கேட்டு வரும்போது, கோயில் வரி வாங்கும்போது? முன்வரிசையில் சிலர் முகம் மாறுவது தெரிகிறது. நல்லது.

இனி மாணவர்களுக்கு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை, கூடப் படித்த பையன்களே ஜாதிப் பகையால் இரவில் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அரசு, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் ஜாதிக் கயிறு கூடாது, சைக்கிளில் ஜாதி வண்ணம் கூடாது, பள்ளிப் பெயரில் ஜாதி கூடாது, சமூக நீதி மாணவர் படை ஒன்று வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைகள். கயிறு பற்றி வாயைத் திறந்ததும் சிலருக்குக் கோபம் வந்தது. 2019-லேயே கல்வித்துறை இதற்குச் சுற்றறிக்கை அனுப்பியது, எதிர்ப்பு வந்ததும் அமைச்சரே பின்வாங்கினார். சட்டம் வரட்டும், உத்தரவு வரட்டும். அதற்காக நீங்கள் காத்திருப்பானேன்? கயிறு உங்கள் கையில்தானே இருக்கிறது? இந்த அரங்கிலேயே எத்தனை மணிக்கட்டில் கயிறு இருக்கிறது என்று நான் எண்ணப் போவதில்லை. உங்கள் போனில் என்ன ஸ்டேட்டஸ், பஸ்ஸில் யாரைச் சீண்ட எந்தப் பாட்டைச் சத்தமாக வைக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. உங்களில் பலர் அதன் முகாமுக்குப் போனவர்கள். பள்ளிக்கூடத்தில் தங்கினீர்கள், கோயில் வாசலைக் கூட்டினீர்கள், மரக்கன்று நட்டீர்கள், போட்டோ எடுத்தீர்கள். அந்த ஊரின் காலனியில் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டீர்களா? சாப்பிட்டவர் இருந்தால் அவரை மன்றத் தலைவராக்குங்கள்.

இந்த ஊரில் 2018-இல் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஆசிரியை ஒருவர் மாணவிகளைத் தவறான வழிக்கு போனில் அழைத்தார். அந்தப் பெண்கள் மறுத்தார்கள், புகார் கொடுத்தார்கள். மதிப்பெண்ணும் பட்டமும் கையில் வைத்திருக்கிறவர் சொன்னதை மறுப்பது லேசா? 2024-இல் திருவில்லிபுத்தூர் நீதிமன்றம் அந்த ஆசிரியைக்குப் பத்தாண்டு சிறை விதித்தது. அகிம்சைக்கு உதாரணம் தேடி நீங்கள் சபர்மதிக்குப் போக வேண்டாம். உங்கள் அக்காமார் செய்தது சத்தியாகிரகம்.

இன்னொரு பெண், கௌசல்யா. பொறியியல் கல்லூரியில் படிக்கும்போது ஜாதி கடந்து சங்கரை மணந்தார். 2016 மார்ச் 13-இல் உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், நடுரோட்டில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். தானும் வெட்டுப்பட்ட கௌசல்யா, பெற்றோருக்கு எதிராகவே கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார். 2017-இல் திருப்பூர் நீதிமன்றம் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020-இல் உயர்நீதிமன்றம் தந்தையை விடுவித்து, மற்ற ஐவருக்கு ஆயுளாகக் குறைத்தது. தீர்ப்பு எப்படிப் போனாலும் அந்தச் சாட்சி நிற்கிறது. அரிவாளுக்குப் பதில் அரிவாள் எடுக்காமல், சொந்த வீட்டுக்கு எதிராக உண்மையைச் சொன்ன ஒரு பெண்ணை விட உங்கள் மன்றத்துக்கு வேறு வழிகாட்டி வேண்டுமா?

ஜாதி வழக்குகள் ஏன் தோற்கின்றன என்று எந்த வக்கீலையும் கேளுங்கள். பார்த்தவர் பிறழ் சாட்சி ஆகிவிடுகிறார். பயம் ஒரு பங்கு, நம்ம பையன் என்ற பாசம் ஒன்பது பங்கு. அந்த ஒன்பது பங்கை உடைப்பதுதான் இந்த மண்ணில் அகிம்சை மன்றத்தின் வேலை. நம்ம பையன் தப்புச் செய்தால், நம்ம பையன்தான் செய்தான் என்று சொல்ல ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவரைத் தெருவே ஒதுக்கும்போது பக்கத்தில் நிற்க மன்றத்தார் பத்துப் பேர் வேண்டும்.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். ஊர்வலத்தை விடுங்கள். கட்டுரைப் போட்டிப் பரிசுப் பணத்தை, கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போகிறவரின் பஸ் செலவுக்கு ஒதுக்குங்கள். செப்டம்பர் 11-க்கும் அக்டோபர் 30-க்கும் முந்தின வாரம் உங்கள் ஊரில் இருங்கள். சீண்டுகிற ப்ளெக்ஸ் எழுதுகிறவன் உங்கள் மாமன் மகனாக இருந்தால், விடிவதற்குள் அவன் வீட்டுக்குப் போங்கள். எதிர்த் தெருவுக்குப் போக வேண்டாம், அங்கே போக அங்கேயே ஆள் இருக்கிறார், அவரும் இந்த மன்றத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். இதற்குச் சம்மதம் உள்ளவர்கள் மட்டும் உறுப்பினர் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள். மற்றவர்கள் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.