பாட்டை அளக்கும் மரக்கால் யார் கையில்?

(சோழவந்தானில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று பாட்டைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். "இந்த வாரம் முதலிடம் இந்தப் பாட்டுக்கு, இரண்டாம் இடம் அந்தப் பாட்டுக்கு" என்று வாரா வாரம் வரிசை போட்டு அறிவிக்கிறார்களே, அந்த வரிசையைப் பற்றி. ராத்திரி ஷிப்டு முடிந்து பஸ்ஸில் திரும்புகிற தம்பியின் செல்போனில் அந்த வரிசைதான் ஓடுகிறது. டீக்கடையிலும் அதுதான்; கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் அதுதான். "கூலிப் பிரச்னை எத்தனையோ இருக்க, பாட்டு ஒரு பிரச்னையா?" என்று சிலர் கேட்கலாம். சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். பாட்டின் பின்னாலேயே நடந்து போனால் அதுவும் கூலிப் பிரச்னையில்தான் போய் நிற்கிறது.

நெல் அளக்கிற மரக்காலைப் பற்றி உங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. குத்தகை அளக்கும்போது பெரிய மரக்கால், கூலி அளக்கும்போது சின்ன மரக்கால் என்று பட்ட பாட்டை உங்கள் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நெல் ஒன்றுதான், மரக்கால் யார் வீட்டு மரக்கால் என்பதில்தான் சூட்சுமம். பாட்டு விஷயத்திலும் அதே கேள்வியைத்தான் நான் கேட்கிறேன்.

வரிசை பிறந்த கதை

இந்த வரிசை எங்கே பிறந்தது? 1952-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி லண்டனில் ஒரு இசைப் பத்திரிகை, அதிகமாக விற்ற ரிக்கார்டுகளின் பட்டியலை வெளியிட்டது. எப்படித் தயாரித்தார்கள்? பத்திரிகையின் விளம்பரப் பகுதியைக் கவனித்த ஒருவர் சுமார் 20 கடைகளுக்கு டெலிபோன் செய்து, "என்ன ரிக்கார்டு விற்கிறது?" என்று விசாரித்தார். அவ்வளவுதான்! அந்த நாட்டின் முதல் வரிசை அது. 20 கடைக்காரர்கள் சொன்னது ஒரு நாட்டின் ரசனையாயிற்று.

அதற்கு அடுத்த மாதமே நம் பக்கத்தில், கொழும்பிலிருந்து இலங்கை வானொலி, 'பினாகா கீத்மாலா' என்ற இந்தி நிகழ்ச்சியை ஆரம்பித்தது. அமீன் சயானி என்ற அறிவிப்பாளரின் குரலுக்காக வட இந்தியாவே வாரத்தில் ஒரு ராத்திரி காத்துக் கிடந்தது. விரைவிலேயே அதில் பாட்டுகளுக்கு வரிசை எண் வந்துவிட்டது. பினாகா என்றால் என்ன? பற்பசை! பற்பசை விற்கப் பாட்டு. பாட்டைக் கேட்க வைக்க வரிசை. வரிசையின் ஜாதகம் இதுதான், தோழர்களே. பிறந்த நாளிலிருந்தே அது வியாபாரத்தின் மடியில் வளர்ந்த பிள்ளை.

வெறுப்பும் தப்பு

அப்படியானால் வரிசையில் வருகிற பாட்டெல்லாம் குப்பையா? அப்படிச் சொல்லுகிற பெரிய மனிதர்களும் இருந்தார்கள். 1952-ல் மத்திய செய்தி ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மட்டமானது என்று கருதினார். அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டு ஏறக்குறைய மறைந்தே போயிற்று. ஜனங்கள் என்ன செய்தார்கள்? ரேடியோவின் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். தமிழ்நாட்டு வீடுகளில் மயில்வாகனனின் குரல் ஒலித்தது. கடைசியில் சர்க்காரே இறங்கி வந்து, 1957 அக்டோபர் 3-ந் தேதி விவிதபாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. உழைத்துக் களைத்தவன் கேட்கிற பாட்டை மேலே உட்கார்ந்துகொண்டு இகழ்ந்தவர்களுக்குக் கிடைத்த பாடம் அது.

நம் சினிமாப் பாட்டில் குப்பையும் உண்டு, நெல்மணியும் உண்டு. பெண்ணைப் பொருளாக்கிப் பாடுகிற பாட்டும், குடித்துப் புரள்வதை வீரமாகக் காட்டுகிற பாட்டும் வரிசையின் உச்சிக்கு ஏறியதை நாம் பார்த்திருக்கிறோம். அவற்றை வாய் திறந்து கண்டிக்க வேண்டும். ஆனால் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும் சினிமாவில்தான் பாட்டு எழுதினார். ஏர் பிடித்த கை அது. 1959 அக்டோபர் 8-ந் தேதி, 29 வயதிலேயே நம்மை விட்டுப் போனார். சின்ன வயதிலேயே போனாலும், வயல் வரப்பில் இருந்தவனும் தறிக்குழியில் இருந்தவனும் தன் வாழ்க்கையைத் தன் பேச்சு மொழியிலேயே வெள்ளித்திரையில் கேட்கும்படி செய்துவிட்டார்.

1960-ல் 'பாதை தெரியுது பார்' என்று ஒரு படம் வந்தது. நிமாய் கோஷ் டைரக்ட் செய்தார், எம்.பி. சீனிவாசன் இசையமைத்தார், பட்டுக்கோட்டையும், கே.சி.எஸ். அருணாசலமும், ஜெயகாந்தனும் பாட்டு எழுதினார்கள். படம் வசூலில் தோற்றது. வசூல் கணக்கை வைத்து வரிசை போட்டிருந்தால் அந்தப் பாட்டுகள் கடைசியில்கூட வந்திருக்காது. ஆனால் 60 ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பாட்டுகளைப் பாடுகிறார்கள். ஒரு வாரத்துக் கணக்கு, பாட்டின் ஆயுளைச் சொல்லாது.

எண்ணிக்கையிலும் கள்ள எடை

சரி, எண்ணிக்கையாவது ஒழுங்கானதா? 1959, 1960-ம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ஒரு பெரிய ஊழல் வெளிவந்தது. பாட்டை அடிக்கடி ஒலிபரப்புவதற்காக ரிக்கார்டு கம்பெனிகள் வானொலி அறிவிப்பாளர்களுக்கு லஞ்சம் கொடுத்திருந்தன. அந்நாட்டுக் காங்கிரஸ் சபையே விசாரணை நடத்தியது. ரகசியமாகப் பணம் வாங்கிப் பாட்டு ஒலிபரப்புவது குற்றம் என்று 1960-ல் சட்டம் செய்தார்கள்.

இப்போது லஞ்சத்துக்குப் புதுச் சட்டை போட்டாயிற்று. அதன் பெயர் விளம்பரம். 2019 ஜூலையில் இந்திப் பாடகர் பாட்ஷாவின் ஒரு பாட்டு, யூடியூபில் ஒரே நாளில் ஏழரைக் கோடி தடவை பார்க்கப்பட்டதாக அறிவித்தார்கள். உலக சாதனை என்று தம்பட்டம் அடித்தார்கள். அது சாதனைதானா என்ற சர்ச்சை எழுந்தது. நீங்கள் வேறு எதையோ பார்க்க உட்காரும்போது விளம்பரமாக வந்து விழுகிற பாட்டையும், நீங்களாகத் தேடிக் கேட்ட பாட்டையும் ஒரே மரக்காலில் அளந்தால் என்ன ஆகும்? அந்த ஆண்டு செப்டம்பரில் யூடியூப் கம்பெனியே, காசு கொடுத்து ஓட்டிய விளம்பரப் பார்வையை இனித் தன் இசை வரிசையில் சேர்ப்பதில்லை என்று அறிவித்தது. அப்படியென்றால் அதுவரை சேர்த்துத்தான் எண்ணினார்கள் என்று அர்த்தம்!

ஆலைத் தோழர்களுக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று சொல்லுகிறேன். ஸ்பின்னிங்கில் ஹாங்க் மீட்டர் இருக்கிறது. எவ்வளவு நீளம் ஓடிற்று என்று அது காட்டும். நூல் உறுதியானதா, அறுந்து அறுந்து ஒட்டப்பட்டதா, அதை ஓட்டியவர் எத்தனை மணி நேரம் நின்றுகொண்டே இருந்தார் என்று அந்த மீட்டர் காட்டுமா? காட்டாது. வார வரிசையும் ஒரு ஹாங்க் மீட்டர்தான். ஓடியது தெரியும், ஓட்டியவரைத் தெரியாது.

ஒரு பாட்டின் வழக்கு

2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' என்று ஒரு பாட்டு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அறிவு எழுதி, தீயும் அவரும் சேர்ந்து பாடியது. சந்தோஷ் நாராயணன் இசை. 40 கோடி தடவைக்கு மேல் அதைக் கேட்டார்கள். அது சினிமாப் பாட்டுக்கூட அல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, ஒரு துண்டு நிலமும் சொந்தமில்லாமல் தாயகம் திரும்பிய தன் பாட்டியின் வாழ்க்கையிலிருந்து அறிவு எடுத்த பாட்டு அது. 1964-ம் ஆண்டு சாஸ்திரி - சிரிமாவோ ஒப்பந்தம் ஆடுமாடுகளைப் பங்கு பிரிப்பதுபோல் பிரித்து அனுப்பியதே, அந்த லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளரின் துயரம் அதில் இருக்கிறது. ஒப்பாரியின் இழை அதில் இருக்கிறது. நிலமில்லாதவனின் பாட்டு வரிசையின் உச்சிக்குப் போயிற்று. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான்.

ஆனால் பிறகு நடந்ததைப் பாருங்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு பெரிய இசைப் பத்திரிகையின் அட்டையில் தீயின் படம் வந்தது. எழுதிய அறிவின் படம் இல்லை. கண்டனக் குரல் எழுந்த பிறகே அறிவுக்கும் ஒரு அட்டை போட்டார்கள். 2024 மார்ச்சில் இசையமைப்பாளர், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். வெளியிட்ட கம்பெனியும் தன் பக்கத்தை அறிக்கையாக வெளியிட்டது. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாம் இங்கே கூடவில்லை. 40 கோடி என்று எண்ணத் தெரிந்த மீட்டருக்கு, உழைத்தவனுக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா என்று எண்ணத் தெரியவில்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

பணம் போகிற வாய்க்கால்

பாட்டுக்கு வருகிற பணம் எந்த வாய்க்காலில் போகிறது? செல்போனில் பாட்டுக் கேட்கச் சந்தா கட்டுகிறவர்களின் பணம் முழுவதும் ஒரே குதிரில் கொட்டப்படுகிறது. கம்பெனி தன் பங்கை அள்ளிக்கொள்ளுகிறது. மிச்சத்தை, எந்தப் பாட்டு மொத்தத்தில் எத்தனை தடவை ஓடிற்று என்ற கணக்கில் பங்கு போடுகிறார்கள். மாதம் முழுவதும் நீங்கள் ஒரு நாட்டுப்புறப் பாடகியின் பாட்டை மட்டுமே கேட்டாலும் உங்கள் சந்தா அவருக்குப் போகாது; பெரும்பகுதி வரிசையின் தலைமாட்டுக்குத்தான் பாயும். தலைமடைக்கு வெள்ளம், கடைமடைக்குக் காய்ச்சல்! கால்வாய்ப் பாசனக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? 2024-லிருந்து ஸ்பாட்டிபை கம்பெனி இன்னொரு மதகையும் இறக்கிவிட்டது. ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாவிட்டால் அதற்கு ஒரு பைசாவும் கிடையாது.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 1977-ல் சுப்ரீம் கோர்ட்டு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் படத்துக்காக எழுதிய பாட்டுக்கும் இசைக்கும் படமுதலாளியே சொந்தக்காரர் என்று தீர்ப்பளித்தது. அதை மாற்ற 35 ஆண்டுகள் ஆயின. 2012-ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. தியேட்டரில் படத்தோடு ஓடுவது நீங்கலாக, மற்ற உபயோகங்களுக்குப் பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு. அந்த உரிமையை முதலாளிக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. நல்ல திருத்தம். எழுதினவர்கள் பல காலம் கேட்டுக் கேட்டுப் பெற்ற உரிமை.

ஆனால் பின்னணியில் தவில் அடித்தவர், வயலின் வாசித்தவர், கோரஸ் பாடியவர்? அன்றைய கூலியோடு வீடு திரும்புகிறவர்கள் அவர்கள். சென்னையில் அந்த வாத்தியக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டுவதில் முன் நின்றவர், சற்று முன் சொன்ன அதே எம்.பி. சீனிவாசன்தான். பாட்டுக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை இருக்கிறது, அதிலும் தொழிலாளி இருக்கிறான் என்று கண்டவர் அவர்.

நம் மண்ணின் சாட்சி

சோழவந்தான்காரர்களுக்குப் பாட்டைப் பற்றி வெளியூர்க்காரன் சொல்லித்தர வேண்டியதில்லை. வைகைக்கு அக்கரையில் தென்கரையில்தான் டி.ஆர். மகாலிங்கம் 1924-ல் பிறந்தார். நாடக மேடையில் பாடிப் பழகிய குரல். 1945-ல் 'ஸ்ரீவள்ளி' படத்தின் மூலம் நாடெல்லாம் பரவிற்று. 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் பாணபத்திரராக நடித்தவரும் அவரே.

அந்தக் கதையை நினைத்துப் பாருங்கள். வடக்கேயிருந்து மதுரைக்கு வந்த ஏமநாதன் என்ற பெரிய பாடகனை எதிர்த்துப் பாடப் பாணபத்திரருக்கு அரசன் கட்டளையிடுகிறான். அன்று ராத்திரி ஒரு விறகு விற்பவர் ஏமநாதனின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடுகிறார். "பாணபத்திரரிடம் பாடம் கேட்டுத் தேறாதவன் நான்" என்கிறார். தேறாதவனே இப்படிப் பாடினால், தேறியவன் எப்படிப் பாடுவானோ என்று ஏமநாதன் இரவோடிரவாக ஓடிவிடுகிறான். வந்தவர் சிவபெருமான் என்பது புராணம். நம்புகிறவர்கள் நம்பட்டும். ஆனால் அரண்மனைப் போட்டியின் முடிவைத் திண்ணையில் இருந்த விறகு விற்பவர் தீர்த்துவைத்தார் என்று கதை கட்டினார்களே, அந்த ஜனங்களின் மனத்தைப் பாருங்கள்! வரிசை போடுகிற உரிமை தங்களுக்கும் உண்டு என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே, பாட்டுக் கேளுங்கள். நன்றாகக் கேளுங்கள். முதலிடம் என்று யாரோ சொன்னதற்காகக் கேட்காதீர்கள். ஒவ்வொரு பாட்டிடமும் மூன்று கேள்வி கேளுங்கள்: இது யாருடைய வாழ்க்கையைப் பாடுகிறது? இதைப் பாடி, எழுதி, வாசித்தவருக்குக் கூலி கிடைத்ததா? இதை என் மகளோடு உட்கார்ந்து கேட்க முடியுமா?

இன்னொன்று. எந்த வரிசையிலும் ஏறாத பாட்டுகள் இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. நடவில் குலவை போட்டுப் பாடிய தாய்மார்களே, உங்களைத்தான் சொல்லுகிறேன். நடவு இயந்திரம் வயலில் இறங்கும்போது அந்தப் பாட்டும் கரையேறிவிடுகிறது. பாடத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். இளைஞர்களிடம் செல்போன் இருக்கிறது. அதே செல்போனில் இந்தத் தாய்மார்களின் பாட்டைப் பதிவு செய்யுங்கள். பாடியவரின் அனுமதியோடு, அவர் பெயரையும் ஊரையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். நாளைக்கு எவனாவது அந்த மெட்டை எடுத்துக் கோடி கோடியாக எண்ணும்போது, "இது எங்கள் பாட்டியின் மெட்டு" என்று எழுந்து சொல்ல அத்தாட்சி வேண்டும்.

மாதத்தில் ஒரு மாலை படிப்பகத்தில் கூடுங்கள். அந்த மாதம் கேட்டதில் எது நல்ல பாட்டு, ஏன் நல்ல பாட்டு என்று விவாதியுங்கள். ஆலைக்காரர் ஒன்று சொல்லட்டும். வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்கிறவர் வேறொன்று சொல்லட்டும். தாய்மார்கள் இரண்டையும் மறுக்கட்டும். அப்படிப் பிறக்கிற வரிசைதான் நம் வரிசை. நெல் அளக்கிற மரக்காலைக் கேள்வி கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். பாட்டை அளக்கிற மரக்காலையும் கேள்வி கேட்போம். அதை நம் கைக்குக் கொண்டு வருவோம்!