கூட்டல் குறி இட்ட பண்டிதர்கள்



ஜெர்மனியில் ஊனமுற்ற குழந்தைகளைக் கொன்றவர்கள் யார் என்று கேட்டால், ஹிட்லர் என்னும் பித்தனும் அவனுடைய அடியாட்களும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கிறவர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அதைப் பேசித் தீர்க்கவே இந்த மேடையில் ஏறினேன்.

1939 ஆகஸ்டு 18-ஆம் தேதி உள்துறை அமைச்சகம் விடுத்த சுற்றறிக்கை, புத்தி குன்றியோ, தலை பெருத்தோ சிறுத்தோ, கைகால் முடங்கியோ இருக்கும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றித் தெரிவிக்குமாறு வைத்தியர்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் கட்டளையிட்டது. மருத்துவச்சிக்குத் தகவல் ஒன்றுக்கு இரண்டு மார்க் சன்மானம். படிவங்கள் காட்டெல், ஹைன்ட்ஸே, வென்ட்ஸ்லர் என்னும் மூன்று வைத்தியர்களிடம் சென்றன. இவர்களுள் காட்டெல், லைப்ஸிக் சர்வகலாசாலையில் குழந்தை வைத்தியத்துக்கே பேராசிரியர். குழந்தையைக் காணாமலும், நாடி பிடிக்காமலும், தாயிடம் ஒரு வார்த்தை கேளாமலும், காகிதத்தை மட்டும் பார்த்துச் சாக வேண்டியதற்குக் கூட்டல் குறியும், பிழைக்கலாம் என்பதற்குக் கழித்தல் குறியும் இட்டார்கள் இந்த மேதைகள். கணிதத்தைக்கூடத் தலைகீழாக்கிய மேதைகள்!

கூட்டல் குறி பெற்ற குழந்தை, உயர்ந்த சிகிச்சை கிடைக்கும் என்று பெற்றோருக்கு ஆசை காட்டப்பட்டு, ஏறத்தாழ முப்பது விடுதிகளுள் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே லூமினால் என்னும் தூக்க மருந்தை நாள்தோறும் உணவில் கலந்து கொடுப்பார்கள், குழந்தை மயங்கிக் கிடக்கும், மூச்சு மெலியும், நெஞ்சில் சளி கட்டும், நிமோனியாவில் இறந்தது என்று வீட்டுக்குக் கடிதம் போகும். அந்தக் கடிதம் எழுத்தளவில் பொய்யன்று என்பதுதான் என் நெஞ்சை அறுக்கிறது. இவ்வாறு மடிந்தவை ஐயாயிரத்துக்குக் குறையாது.

இதைக் கருணைக் கொலை என்று பூசி மெழுகுகிறவர் எவரேனும் இச்சபையில் இருந்தால், ம்யூனிக் அருகே எக்ல்ஃபிங்-ஹார் மனநோய் விடுதிக்கு என்னோடு வரட்டும். அங்கே தலைமை வைத்தியர் ஃபான்ம்யூல்லர், மருந்தும் வேண்டாம், உணவைக் குறைத்தால் போதும் என்றவர். எலும்பும் தோலுமாய்க் கிடந்த ஒரு குழந்தையைக் கட்டிலிலிருந்து தூக்கி, வேட்டையில் கிடைத்த முயலைப் போலப் பார்வையாளருக்குக் காட்டினார் என்று, அன்று அங்கே சென்றிருந்த ஒருவர் பின்னர் சாட்சியம் அளித்தார். கருணையாம், கருணை!

வியன்னாவின் ஷ்பீகல்கிரண்ட் விடுதியில் மட்டும் 789 குழந்தைகள் மாண்டன. அதன் தலைவர் இல்லிங் 1946-இல் தூக்கிலிடப்பட்டார். அங்கே பணிபுரிந்த ஹைன்ரிஹ் கிராஸ் என்ற வைத்தியரோ, 1950-இல் பெற்ற தண்டனையும் பின்பு ரத்தாகிவிட, ஜாடிகளில் காத்துவைத்த அந்தக் குழந்தைகளின் மூளைகளை அறுத்து ஆராய்ந்து கட்டுரைமேல் கட்டுரையாக எழுதி, நீதிமன்றங்களில் நிபுணராக உயர்ந்து, 1975-இல் விஞ்ஞானத்துக்கும் கலைக்குமான அரசாங்க விருதையும் மார்பில் அணிந்துகொண்டார். சிறுவனாக அவ்விடுதியில் அடைபட்டிருந்து, கிராஸின் ஊசியைத் தாங்கிய ஃப்ரீட்ரிஹ் ஸாவ்ரெல் என்பவரை, முப்பது வருஷத்துக்குப் பிறகு கைதியாகப் பரிசோதிக்க அனுப்பப்பட்டவரும் அதே கிராஸ்தான். ஸாவ்ரெல் கிராஸின் முகத்தை அடையாளம் கண்டு சொன்னார். பழைய நாஜி ஏட்டையே சான்றாக வைத்துக்கொண்டு, இவரை வெளியே விடலாகாது என்று எழுதிக் கொடுத்தார் நிபுணர்.

2000 மார்ச்சில், எண்பத்து நான்காம் வயதில், கிராஸ் கூண்டில் ஏறினார். புத்தி தளர்ந்துவிட்டது, விசாரணை அவருக்கு விளங்காது என்று வைத்தியர் சொல்ல, வழக்கு சிறிது நேரத்துக்குள் நின்றது. புத்திக் குறைவு என்பதற்காகக் குழந்தைகளுக்குக் கூட்டல் குறி இட்ட ஒரு சாஸ்திரம், அதே குறைவைக் கேடயமாக்கி இவரைத் தண்டனையிலிருந்து காத்தது. அன்றைக்கே அவர் ஒரு காப்பிக் கடையில் அமர்ந்து நிருபரோடு உரையாடினார்.

ஜாடிகளில் இருந்தவற்றை 2002 ஏப்ரலில் வியன்னா மத்திய மயானத்தில் அடக்கம் செய்தார்கள்.