வண்டிக்கு ஆர்.சி. உண்டு, வண்டி செய்தவனுக்கு?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ரயிலே ஓடாத தீவில் உட்கார்ந்துகொண்டு ரயில் டிக்கெட் போட்டுக் கொடுப்பது எங்கள் உத்தியோகம். மூன்று நாள் கப்பலில் போய்ச் சென்னையில் இறங்குகிறவர் ஊருக்குப் போக எழும்பூரில் வண்டி பிடிக்க வேண்டும். அதற்கான சீட்டை எங்களிடம்தான் எடுக்கிறார். ஆகையால் ரயில்வே பற்றித்தான் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நாங்கள் பேசப்போவது கார்களைப் பற்றி. காரைச் செய்தவர்களைப் பற்றி என்று சொன்னால் இன்னும் பொருந்தும்.

இந்தத் தீவுகளில் ஒரு மோட்டார் வண்டிகூடச் செய்யப்பட்டதில்லை. இங்கே ஓடும் ஒவ்வொரு வண்டியும் கப்பலில் வந்து இறங்கியதுதான். 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட நம் போர்ட் பிளேரில், அபர்டீன் பஜாரிலும் ஜெட்டி வாசலிலும் வரிசையாக நின்ற அம்பாஸடர் டாக்சிகளை மறந்திருக்க மாட்டீர்கள். உப்புக் காற்றில் கதவு துருப்பிடித்து உதிரும். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு சாமான் உடைந்தால் சென்னைக்குப் போகிறவர் கையில் சீட்டு எழுதிக் கொடுத்துப் புதுப்பேட்டையில் வாங்கி வரச் சொல்வோம். அடுத்த கப்பல் வரும்வரை வண்டி நிற்கும், அந்த வீட்டு அடுப்பும் பாதி நாள் நிற்கும்.

அந்த அம்பாஸடர் எங்கே பிறந்தது? 1942-ல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கிய கம்பெனி, சுதந்திரம் வந்தபின் கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவுக்குக் குடிபெயர்ந்தது. மந்திரி முதல் மாப்பிள்ளை வரை எல்லோரும் ஏறிய வண்டி அது. 2014 மே 24 அன்று கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள், வேலை நின்றது. 2017-ல் 'அம்பாஸடர்' என்ற பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்குப் பிரெஞ்சுக் கம்பெனி ஒன்று வாங்கிக்கொண்டது. தோழர்களே, பெயருக்கு விலை கிடைத்தது. அந்தப் பெயரை நாற்பது, ஐம்பது வருஷம் தகரத்தில் அடித்து நிமிர்த்தியவனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்க ஒருவரும் இல்லை.

நம் சென்னையின் கதையைப் பாருங்கள். இன்று வண்டலூரும் தாண்டி, மறைமலை நகரும் தாண்டிப் பரந்து கிடக்கும் நகரம் அது. மோட்டார் தொழிலில் அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் வயது. குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த சிம்ப்சன் கம்பெனியில் 1903-ல் நீராவிக் கார் ஒன்றைச் செய்தார்கள். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் தோன்றி, எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது; 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆகி லாரிக்கும் பஸ்ஸுக்கும் மாறியது. அது இன்றும் இருக்கிறது. ஸ்டாண்டர்டு மோட்டார் இல்லை.

வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் இருந்த அந்தத் தொழிற்சாலையில் முதலில் வேன்கார்டு வந்தது. 1961-ல் ஹெரால்டு வந்தது. பிறகு கெஸல் வந்தது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய கார் வந்தது. வெளித்தோற்றம் இங்கிலாந்தின் ரோவர் கார்; உள்ளே போட்டது பழைய வேன்கார்டு வழி வந்த எஞ்சின். விலை அதிகம், பெட்ரோலும் அதிகம் குடித்தது. 1983 டிசம்பரிலேயே மாருதி ரோட்டுக்கு வந்துவிட்டது. 1988-ல் ஸ்டாண்டர்டு நின்றது. தவறான எஞ்சினைத் தேர்ந்தெடுத்தது யார்? பட்டறையில் ஸ்பேனர் பிடித்தவனா? ஆனால் வேலை போனது அவனுக்குத்தான். இன்று அந்த இடத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன.

எங்கள் இலாகாவில் மூத்த எழுத்தர்கள் சொல்வார்கள்: ஒரு தொழிற்சாலை சாயப்போகிறது என்பது பத்திரிகைக்கு முன் டிக்கெட் கவுண்டருக்குத் தெரிந்துவிடும். ஒன்றாம் தேதி மாதச் சீட்டு வாங்க நிற்கும் வரிசை குறையும். மூன்று மாதச் சீட்டு வாங்கியவன் ஒரு மாதத்துக்கு மட்டும் கேட்பான். பிறகு அன்றாடச் சீட்டு. பிறகு ஆளையே காணோம்.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 1926-ல் இந்தியாவுக்கு வந்து, 1950-களில் கடையைக் கட்டிய போர்டு கம்பெனி, 1990-களில் மறுபடி வந்து மறைமலை நகரில் கார் செய்தது. 2021 செப்டம்பரில் நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் கடைசி வண்டி வெளியே வந்தது. 2025 அக்டோபரில், அதே இடத்தில் எஞ்சின் செய்வதாக மீண்டும் அறிவித்திருக்கிறார்கள். முதலாளி போவான், வருவான். அவனுக்குக் கடல் ஒரு தூரமில்லை. இடையில் கழிந்த வருஷங்களுக்குத் தொழிலாளி வீட்டில் வாடகை கட்டுவது யார்?

அமெரிக்காவிலும் இதுதான். கார்களின் தலைநகர் என்று பெயர் வாங்கிய டெட்ராய்டில் 1950-ல் 18 லட்சத்துக்கு மேல் ஜனங்கள். 2010-ல் 7 லட்சம் சொச்சம். 2013-ல் அந்த நகராட்சியே திவால் மனு கொடுத்தது. அங்கேயும் பழைய கார்களை மெருகேற்றிப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள்.

பழைய காரைப் போற்றுவது தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. கோவையில் ஜீடி கார் அருங்காட்சியகத்துக்குப் போன நம் உறுப்பினர்கள் வியந்து வியந்து சொல்கிறார்கள். ஒரு ஹெரால்டு துடைத்து மினுக்கி ரோட்டில் வந்தால் நாங்களும் நின்று பார்க்கிறோம். 2021-ல் மத்திய அரசாங்கம் ஒரு விதி போட்டது: ஐம்பது வயது கடந்த, உருமாறாத வண்டிகளுக்குத் தனிப் பதிவு, 'வி.ஏ.' என்று தனி எழுத்து, முதல் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருஷத்துக்குச் செல்லுபடி. நல்லது. ஐம்பது வயதான இரும்புக்கு ஒரு சான்றிதழ் கிடைத்துவிட்டது.

இப்போது நம் சங்கத்து மூத்தவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், முன் வரிசையில்தான் இருக்கிறார். இளம் வயதில் சென்னையில் கார்களுக்கு உதிரிச் சாமான் செய்து கொடுத்த ஒரு பட்டறையில் எட்டு வருஷம் வேலை செய்தவர். பெரிய தொழிற்சாலை சாய்ந்தபோது அதை நம்பிய சின்னப் பட்டறையும் சாய்ந்தது. 1989-ல் கப்பலேறி இங்கே வந்தார். ஒரு டாக்சிக்கு டிரைவரானார். எங்கள் கவுண்டரில் மூன்று முறை டிக்கெட் எடுத்தார். பிள்ளை கலியாணமா என்று கேட்டோம். "இல்லை தம்பி, பிராவிடண்டு பணம்" என்றார்.

ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு திரும்பினார். கணக்கு எண் கேட்டார்கள், இல்லை. கம்பெனி முத்திரை கேட்டார்கள்; கம்பெனியே இல்லை. அவரிடம் இருந்தது நம்பர் அடித்த ஒரு பித்தளை டோக்கன் மட்டும். அதைக் கவுண்டரில் வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நான் ஓட்டின வண்டிக்கு ஆர்.சி. இருக்கு. எனக்குத்தான் இல்லே."

தோழர்களே, அன்று எங்களுக்கு வெட்கமாக இருந்தது. சங்கம் வைத்திருக்கிறோம், பொங்கல் விழா நடத்துகிறோம். நம்முடைய மூத்தவர் மூன்று முறை கடல் தாண்டிப் போய்த் தனியாக நின்றிருக்கிறார், நமக்குத் தெரியவில்லை.

இது அவர் ஒருவரின் பிரச்னையல்ல. பாம்பூ பிளாட்டிலும் லாங் ஐலண்டிலும் ஒட்டுப்பலகை ஆலைகள் இருந்தனவே, எங்கே? 1883-ல் தொடங்கிய சாத்தம் மர ஆலைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது, அருங்காட்சியகம் இருக்கிறது. மற்ற ஆலைகளுக்கு அதுவும் இல்லை. 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் காடு வெட்டுவதைக் கட்டுப்படுத்தி உத்தரவிட்டது. காடு நிற்க வேண்டும், ஜாரவா மக்கள் வாழ வேண்டும். அந்த உத்தரவை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் மரத்துக்காக ஒரு நீதிமன்றம் பேசியபோது, மரம் அறுத்தவனுக்காக நாமாவது பேசியிருக்க வேண்டாமா?

சட்டம் என்ன சொன்னது? 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டப்படி, ஆலையை மூடினால் வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம் நஷ்ட ஈடு. நூறு பேருக்குக் குறையாத ஆலையை மூட அரசாங்க அனுமதி வேண்டும் என்று இருந்தது; 2020-ல் நிறைவேற்றிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அந்த நூறை முந்நூறாக்கிவிட்டது. ஆக, பெரும்பாலான பட்டறைகளில் கதவைப் பூட்ட ஒரு பூட்டு போதும்.

பிராவிடண்டு பணம் முதலாளி போடும் பிச்சையல்ல. உழைத்தவனின் சம்பளத்தில் பிடித்த பணமும் அதில் இருக்கிறது. கேட்பாரற்று ஏழு வருஷம் கிடந்தால், 2015-ல் ஏற்படுத்திய மூத்த குடிமக்கள் நல நிதிக்கு அது போய்விடும். போன பிறகும் 25 வருஷத்துக்குள் உரியவர் கேட்டு வாங்கலாம். அதற்கும் மேல் அரசாங்கத்துக்கே சொந்தம். எனவே காலம் நமக்காகக் காத்திருக்காது.

ஆகவே மூன்று காரியங்களைச் சங்கத்தின் முன் வைக்கிறோம்.

முதலாவது, ஒரு பதிவேடு. மூடிய ஆலையிலோ பட்டறையிலோ வேலை பார்த்த ஒவ்வொரு உறுப்பினரின் பெயர், வேலை, வருஷங்கள், டோக்கன் எண், உடன் வேலை செய்தவர் பெயர் எல்லாம் எழுத வேண்டும். சம்பளச் சீட்டு, போனஸ் சீட்டு, கேட் பாஸ், கூட்டமாக எடுத்த போட்டோ, எதையும் எறியாதீர்கள். டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் காகிதம்தான் நாளை சாட்சி.

இரண்டாவது, விண்ணப்ப உதவி. கம்பெனி மூடிக் கிடந்தால் வங்கி மேலாளரோ கெஜட் அதிகாரியோ சான்றொப்பம் இட வழி உண்டு. 1995 நவம்பர் 16-க்குப் பிறகும் வேலையில் இருந்து, மொத்தம் பத்து வருஷ சேவை உள்ளவருக்குப் பென்ஷன் உரிமை உண்டு. 2014 முதல் குறைந்தது மாதம் 1,000 ரூபாய். அதற்கு முன் வேலை போனவருக்குப் பென்ஷன் இல்லை, ஆனால் சேர்ந்த பணம் அவருடையதே. ஞாயிறுதோறும் காலையில் நாங்கள் இருவர் சங்க அறையில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறோம். படிவம் எழுதுவது எழுத்தர்களுக்குப் புதிதல்லவே.

மூன்றாவது, ஒரு கோரிக்கை. மூடிய ஆலைகளின் வருகைப் பதிவேடுகளும் சம்பள ஏடுகளும் எங்கே இருந்தாலும், கரையான் தின்னுமுன் தீவு நிர்வாகம் அவற்றைக் கைப்பற்றிப் பாதுகாக்க வேண்டும். அந்த மனுவில் இன்றே கையெழுத்து வாங்குகிறோம்.

அடுத்த பொங்கல் விழாவில் ஒரு பழைய அம்பாஸடரை மாலை போட்டு நிறுத்தலாம் என்று இளைஞர்கள் கேட்டிருக்கிறார்கள். நிறுத்துங்கள். அதன் பக்கத்தில் ஒரு பலகையும் வையுங்கள். அதில் பதிவேட்டிலுள்ள பெயர்கள் இருக்கட்டும். பெயர்களுக்கு மேலே அந்தப் பித்தளை டோக்கனை மாட்டி வைக்க மூத்தவர் சம்மதித்திருக்கிறார். அதற்கு முன் அவருடைய நான்காவது மனுவை நாம் எல்லோரும் சேர்ந்து அனுப்புவோம்.

மனுத்தாள் மேஜைமேல் இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம்.