அச்சத்தில் வளர்ந்த கட்சி



ஜெர்மனியில் இட்லரின் நாஜிக் கட்சி 1928ஆம் ஆண்டுத் தேர்தலில் நூற்றுக்கு 3 வாக்குகள்கூடப் பெறவில்லை. 1932 ஜூலையில் 37 பெற்றது. இடையே பொருளாதாரம் சரிந்து, ஏறத்தாழ 60 லட்சம் பேர் வேலையிழந்திருந்தனர். ஆயினும், வேலையற்ற தொழிலாளருள் பலர் பொதுவுடைமைக் கட்சியையே நாடினர். இட்லர் பக்கம் மிகுதியாகச் சாய்ந்தோர் சிறுவணிகர், கைவினைஞர், சிற்றுழவர் போன்ற இடைநிலை மக்களே. தம் படியினின்று வழுக்கிவிடுவோமோ என்னும் அச்சம் அவர்களை ஆட்டியது. அத்துன்பத்திற்கு யூதரே காரணமென நாஜிகள் காட்டினர். பேரங்காடிகளை ஒழிப்பதாகச் சிறுவணிகருக்கு அளித்த உறுதியை ஆட்சியேறியபின் கைவிட்டனர். 1933 மே 2 அன்று தொழிற்சங்கங்களையும் நசுக்கினர்.

ஏணிப்படிச் சமுதாயத்தின் அடியில் வைக்கப்பட்ட நாம் இதனை எளிதில் உணர்வோம். அஞ்சுவோன் கையில் சோற்றுக்குப் பதிலாகப் பகையைக் கொடுப்பதே அவ்வரசியல். நமக்கு அச்சம் வரும் நாளிலும் பழிசுமத்த ஆளைத் தேடோம், காரணத்தைத் தேடுவோம். கல்வி அதற்கே.