காலணாப் பத்திரிகையைக் காப்பாற்றியவர்கள்



வரலாற்றாசிரியர்கள் பொதுவெளியில் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அதைப் பொதுவாகப் பேசினால் ஒரு மணி நேரமும் பேசலாம், கேட்டவர்களிடம் ஒன்றும் மிஞ்சாது. அதனால் ஒரே ஒரு பத்திரிகையின் கதையைப் பேசப்போகிறேன்.

1907 ஜூன் 19, புதன்கிழமை. சென்னை இராயப்பேட்டையிலிருந்து நான்கு பக்க வார இதழ் ஒன்று வெளிவந்தது. விலை காலணா. பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. நடத்தியவர் சித்த மருத்துவர், பண்டிதர் அயோத்திதாசர். ஓராண்டு கழித்துப் பெயர் ‘தமிழன்’ என்று சுருங்கியது. 1914 மே 5 அன்று அவர் மறையும்வரை அதில் எழுதிக்கொண்டே இருந்தார். அரசியல், வைத்தியம், இலக்கணம், மதம் எல்லாம் அதில் உண்டு. ‘இந்திரர் தேச சரித்திரம்’ என்று இந்த நாட்டின் வரலாற்றையே தொடராக எழுதினார். வாசகர்கள் சந்தேகம் கேட்டு எழுதுவார்கள். இந்தப் பண்டிகை ஏன் வந்தது, இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், நம்மை ஏன் இப்படி அழைக்கிறார்கள் என்றெல்லாம் கேள்விகள். பண்டிதர் இதழிலேயே பதில் எழுதுவார்.

அவருக்குப் பல்கலைக்கழகம் இல்லை, துறை இல்லை, மானியம் இல்லை. இருந்தது ஏட்டுச்சுவடிகளும், நிகண்டுகளும், வீட்டில் கேட்டு வளர்ந்த கதைகளும், காலணா கொடுத்து வாங்கிய வாசகர்களும்தான். தன் பாட்டனார் கந்தப்பன் ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர் என்றும், அவரிடமிருந்த திருக்குறள் சுவடி எல்லிஸ் துரையின் கைக்குப் போனது என்றும் அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். இன்று குறளை அச்சில் படிக்கிறவர்களில் எத்தனை பேருக்குக் கந்தப்பனைத் தெரியும்? சேரி வீட்டுப் பரணில் சுவடி இருந்தது என்பதையே நம்ப முடியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அவருடைய சொல்லாராய்ச்சி முழுவதையும் நான் ஏற்கவில்லை. சில வேர்ச்சொற்கள் இழுத்த இழுப்புக்கு வருகின்றன, சில வரவில்லை. ஆனால் கல்வெட்டும் செப்பேடும் யார் கையில் இருந்தன என்று யோசித்துப் பாருங்கள். நிலத்தைத் தானம் கொடுத்தவனும் வாங்கியவனும் வெட்டி வைத்த கல்லில், அந்த நிலத்தில் உழைத்தவனின் வரலாறு எப்படிக் கிடைக்கும்? பின்னாளில் பாபாசாகேப் அம்பேத்கரும் இதே சுவரில்தான் முட்டினார். 1948இல் தீண்டப்படாதார் யார் என்று ஆராய்ந்து எழுதிய நூலின் முன்னுரையில், நேரடிச் சான்று இல்லாத இடத்தில் வரலாற்றாசிரியன் கைகட்டி நிற்க வேண்டுமா என்று வாதாடுகிறார். சங்கிலியில் கண்ணி விட்டுப்போன இடத்தில் ஊகத்தையும் கற்பனையையும் துணைக்கு அழைக்கலாம் என்பது அவர் கட்சி. அந்த நூலை நந்தனார், ரவிதாஸ், சொக்கமேளா மூவருக்கும் காணிக்கையாக்கினார். பண்டிதரைச் சான்று கேட்டு மடக்குகிறவர்கள் அந்த முன்னுரையை ஒருமுறை படித்துவிட்டு வரலாம்.

இனி 1914க்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்ப்போம். தமிழ்நாட்டு அரசியலைப் பற்றியும் மறுமலர்ச்சியைப் பற்றியும் எத்தனையோ நூல்கள் வந்தன. பெரும்பாலானவற்றில் இந்த மனிதர் இல்லை, இருந்தால் ஒரு அடிக்குறிப்பு. நான் சமூகவியல் முதுகலை படித்தபோது சாதியைப் பற்றி ஒரு முழுத் தாளே இருந்தது. எம்.என். சீனிவாசின் சமஸ்கிருதமயமாக்கத்தை வரிவரியாகப் படித்தோம். சாதி எப்படி வந்தது என்று தமிழிலேயே ஏழு வருடம் எழுதிய ஒருவரின் பெயரை வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ முதல் இரண்டு தொகுதிகள் 1999இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வழியாக வந்தன. அதன்பிறகுதான் கல்வித்துறை விழித்துக்கொண்டது. நடுவில் 85 வருடங்கள். அந்த 85 வருடம் ‘தமிழன்’ எங்கே இருந்தது?

கோலார் தங்கவயலில் இருந்தது. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் இருந்த பௌத்த சங்கங்களில் இருந்தது. பண்டிதருக்குப் பிறகு ஜி. அப்பாதுரையார் அங்கிருந்து அந்தப் பத்திரிகையை மீண்டும் நடத்தினார். பண்டிதரின் எழுத்துகளைச் சித்தார்த்தா புத்தகசாலை சிறு நூல்களாக அச்சிட்டது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சுற்றுப்பக்கத்திலிருந்தும் போய்ச் சுரங்கத்தில் இறங்கிய நம் ஆட்கள்தான் அதற்குப் பணமும் வாசிப்பும் தந்தவர்கள். பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை போன சுரங்கம் அது. அங்கே வேலை பார்த்துவிட்டு மேலே வந்தவர்கள் பத்திரிகையை வாங்கிப் படித்து, மடித்து, பெட்டியில் வைத்தார்கள். பிறகு அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் அலைந்து திரிந்து இதழ்களைச் சேர்த்துப் பாதுகாத்தார்கள். அலாய்சியஸின் உழைப்பு பெரியது, அதில் எனக்கு ஐயமில்லை. அவர் கைக்கு வந்து சேரும்வரை காகிதத்தைச் செல்லரிக்காமல் காத்தவர்கள் வாசகர்கள். நம் வரலாற்றின் முதல் ஆவணக் காப்பாளர்கள் என்று நான் சொல்வது அவர்களைத்தான்.

அப்படிக் காக்க ஆள் இல்லாமல் போனவற்றின் கதி என்ன? இரட்டைமலை சீனிவாசன் 1893 முதல் 1900 வரை ‘பறையன்’ நடத்தினார். அந்தப் பெயரை அயோத்திதாசர் ஏற்கவில்லை, இருவரும் உறவினர்கள், இருவருக்கும் கடுமையான கருத்துப்போர். அந்தப் போரில் ஒருவர் குரல் தொகுதி தொகுதியாக நமக்குக் கேட்கிறது, மற்றவருடையது துண்டு துண்டாகக் கேட்கிறது. அந்தக் காலத்து நம் பத்திரிகைகள் பலவற்றிலிருந்து மிஞ்சியிருப்பது, வெள்ளை அரசாங்கம் சுதேசிப் பத்திரிகைகளைக் கண்காணிக்க ஆங்கிலத்தில் எழுதி வைத்த சுருக்கங்கள்தான். நம் முன்னோர் தமிழில் எழுதியதை, அவர்களை வேவு பார்த்தவனின் ஆங்கிலத்திலிருந்து திரும்பத் தமிழாக்கிப் படிக்கிறோம். ஜெ. பாலசுப்பிரமணியம் 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களைப் பற்றி ஒரு நூல் எழுதியிருக்கிறார். மாணவர்கள் அவசியம் படியுங்கள். எத்தனை பத்திரிகைகள் வெறும் பெயராக மட்டும் நிற்கின்றன என்பதையும் கவனியுங்கள்.

பழைய காகிதம் எதற்கு, இன்றைய பிரச்சினையைப் பேசுங்கள் என்று சில தோழர்கள் கேட்பார்கள். பஞ்சமி நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. முதல் 10 ஆண்டு விற்கவே கூடாது, பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. நிலம் கைமாறியது. அரசாணை கோப்பில் தூங்கியது. ஏறத்தாழ நூறு வருடம் கழித்து அந்த அறிக்கையையும் ஆணையையும் தேடியெடுத்து, தமிழில் சொல்லி, ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள் களத்தில் நின்றவர்கள். காரணை நிலத்தில் அம்பேத்கர் சிலை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு கோப்பு, அதைப் படித்துச் சொல்ல ஆள் வந்ததும் எவ்வளவு ஆபத்தானதாக மாறியது பாருங்கள்! இன்றைக்கும் பஞ்சமி வழக்கில் வக்கீல் முதலில் கேட்பது பழைய ‘அ’ பதிவேட்டைத்தான்.

இன்னொன்றையும் இந்த மேடையில் சொல்லியாக வேண்டும், சிலருக்குக் கசக்கலாம். பண்டிதர் தாழ்த்தப்பட்டவர் வேறு, தாழ்ந்தவர் வேறு என்று பிரித்தார். தாழ்ந்தவர் வரிசையில் சக்கிலியர், தோட்டி, குறவர், வில்லியரை வைத்தார். அருந்ததியத் தோழர்கள் இதைச் சுட்டிக் கேட்கும்போது, அந்தக் காலம் அப்படி என்று மழுப்புவதும், அந்தப் பக்கங்களைத் தவிர்த்துவிட்டுத் தொகுப்புப் போடுவதும் வரலாற்று வேலை ஆகாது. நம்மை விட்டுவிட்டு எழுதினார்கள் என்று நூறு வருடம் குற்றம்சாட்டிய நாம், நம் பெரியவர் எழுதியதில் யார் விடுபட்டார்கள், யார் இழிவுபட்டார்கள் என்பதையும் அச்சில் வைக்க வேண்டும். அருந்ததியர் வரலாற்றை அருந்ததியர் எழுதும்போது அதற்கு முதல் ஆதாரமாக நம் தொகுதிகளே பயன்படட்டும். மறைக்காத தொகுப்புதான் அப்படிப் பயன்படும்.

கோலார் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. வேலை போனபின் குடும்பங்கள் பிழைப்புத் தேடிப் பல ஊருக்கும் போயின. லைன் வீட்டைக் காலி செய்கிறவர் கட்டிலையும் பாத்திரத்தையும் எடுத்துப்போவார். தாத்தாவின் டிரங்குப் பெட்டியை எங்கே கொண்டுபோவார்? தங்கவயலுக்கு மட்டும் வந்த நிலைமை இல்லை இது. நம் காலனிகளில் வீடு இடித்துக் கட்டும்போதெல்லாம் மன்றத்து நோட்டும், சங்க ரசீதும், மாநாட்டு நோட்டீசும், நில ஒப்படைப் பட்டாவும் எடைக்குப் போகின்றன. பேப்பர் கடைக்காரர் கிலோவுக்குத்தான் காசு தருவார், ஆண்டு பார்த்துத் தரமாட்டார்.

ஆய்வு மாணவர்களுக்குக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பெரியவர்கள் நம்பிக் கொடுத்த காகிதத்தை வாங்கிப்போய்த் திருப்பித் தராதவர்கள் நம்மிலும் உண்டு. அசலை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். போனில் படம் எடுங்கள், ஒரு நகலை அந்த வீட்டுக்கும் ஒரு நகலை ஊர் மன்றத்துக்கும் கொடுங்கள். யாருடையது, எந்த ஊர், யார் எடுத்து வைத்திருந்தார்கள் என்று எழுதுங்கள். எடுத்து வைத்தது பெரும்பாலும் அந்த வீட்டுப் பாட்டியாக இருப்பார், அவர் பெயரையும் கேட்டு எழுதுங்கள். ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதிப் பட்டம் வாங்குங்கள், தப்பில்லை. அதைத் தமிழில் 30 பக்கமாவது எழுதி, தகவல் கொடுத்த ஊரில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். தப்பாக எழுதியிருந்தால் அங்கேயே திருத்துவார்கள். பண்டிதருக்கு வாசகர் கடிதம் வந்ததுபோல உங்களுக்கும் கேள்வி வரும். பதில் தெரியாவிட்டால் மறுபடி தேடப் போவீர்கள்.

இங்கே பல ஊர்களிலிருந்து வந்திருக்கிறீர்கள். பெரும்பாலான ஊர்களில் அம்பேத்கர் மன்றம் இருக்கும். திரும்பிப் போனதும் அதன் பழைய வரவு செலவு நோட்டு யார் வீட்டில் இருக்கிறது என்று விசாரியுங்கள். முதல் பக்கத்தில் என்ன தேதி போட்டிருக்கிறது, யார் யார் எவ்வளவு சந்தா கொடுத்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தக் குறிப்புகளை வைத்துப் பேசுவோம்.